பின்பக்கம் சிமெண்டு வேண்டாம், பாப்பா

சுங்கை சிப்புட், மலேசியா
ஜூலை மாதம்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். அப்பாவுக்கு இனிப்பு நீர் நோய் கட்டுக்குள் இருக்கிறது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். உனக்கு அங்கே கோடை, ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது என்றாய். வேலை முடிந்ததும் அறைக்குள் போய்ப் படுத்துவிடாமல், வெளிச்சம் இருக்கும்போதே கொஞ்சம் நடந்துவிட்டு வா, மா.

நீ போனில் சொன்னதற்கு அப்பா "சரி, சரி" என்று தலையாட்டிவிட்டார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. புது வீட்டின் பின்பக்கம் முழுக்கச் சிமெண்டு போட்டுவிட்டால் புல் வெட்டுகிற வேலை மிச்சம், பாம்பும் வராது, பணம் நான் அனுப்புகிறேன் என்றாய். உன் அக்கறை தெரிகிறது. ஆனால் வேண்டாம், பாப்பா. நாங்கள் குடிவந்தபோது எடுத்து அனுப்பிய படத்தில் நீ பார்த்தது வெறும் லாலான் புல். இப்போது அங்கே என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கறிவேப்பிலையிலிருந்து தொடங்குகிறேன். கொழுந்து இலையில் குருவி எச்சம் விழுந்த மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒட்டியிருக்கும். அது எச்சமில்லை, புழு. தின்ன வருகிற பறவைகளை ஏமாற்றத்தான் அந்த வேஷம். எலுமிச்சைக் குடும்பத்துச் செடிகளில்தான் இந்த ஜாதிப் பட்டாம்பூச்சி முட்டையிடும். கறிவேப்பிலையும் அந்தக் குடும்பம்தானே. தின்று கொழுத்து, தோல் உரித்து உரித்து, கடைசியில் பச்சைப் பசேலென்று சுண்டுவிரல் தடிமனுக்கு வந்துவிடும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பை நீட்டும், கூடவே புளித்த எலுமிச்சை வாடை அடிக்கும். அப்புறம் ஒரு குச்சியில் ஏறி, இடுப்பைச் சுற்றி ஒரு நூலைக் கட்டிக்கொண்டு சாய்ந்து நின்று கூடாகிவிடும்.

போன வாரம் ஒரு கூட்டின் நிறம் கறுத்து, உள்ளே சிறகின் புள்ளிகள் தெரிந்தன. காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். தலைப்பக்கம் வெடித்தது. வெளியே வந்ததற்குப் பெருத்த வயிறும், பிழிந்து உதறாத துணி மாதிரி கசங்கிய சிறகும்தான் இருந்தன. காலி கூட்டைப் பிடித்துத் தொங்கியபடி வயிற்று நீரை மெல்ல மெல்லச் சிறகுக்கு ஏற்றி விரித்தது. கறுப்பில் இளமஞ்சள் புள்ளிகள், பின்சிறகின் ஓரத்தில் சிவப்பாக ஒரு பொட்டு. காய்ந்ததும் முருங்கை மரத்துக்கு மேலே ஏறிப் போய்விட்டது. காப்பி ஆறியதே எனக்குத் தெரியவில்லை. அப்பா வந்து பசியாறலையா என்று கேட்டபோதுதான் எழுந்தேன்.

மருந்து அடிக்கலாமா என்று அப்பா கேட்டார். அடிக்கவிடவில்லை. கறிவேப்பிலை இரண்டு செடி வைத்திருக்கிறேன். ஒன்று சமையலுக்கு, ஒன்று அவற்றுக்கு. நம் செடியில் புழுவைக் கண்டால் இலையோடு கிள்ளிக் கொண்டுபோய் அடுத்த செடியில் விட்டுவிடுவேன். ரசத்துக்கு இதுவரை குறையில்லை.

துணி காயப்போடும் கம்பியின் ஓரத்தில் நைலான் கயிறு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் தேன்சிட்டு கூடு கட்டியது. காய்ந்த புல், இலவம்பஞ்சு, எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கச் சிலந்தி வலை. நுழையும் வாசலுக்கு மேலே மழை படாமல் சின்னக் கூரை ஒன்றையும் இழுத்துவிட்டிருந்தது. கட்டிய வேலையெல்லாம் பெண் சிட்டு செய்ததுதான். கழுத்து மின்னும் நீலக்கறுப்பு ஆண் சிட்டு பக்கத்திலேயே பறந்து பாடிக்கொண்டிருந்தது. குஞ்சு பொரித்த பிறகு இரண்டும் மாறி மாறி ஊட்டின. தேன் குடிக்கும் பறவைதான், ஆனால் குஞ்சு வாயில் வைப்பது பூச்சியும் சிலந்தியும். பூச்சி இல்லாத வீட்டில் அது எப்படிப் பிள்ளை வளர்க்கும்? குஞ்சுகள் பறக்கும் வரைக்கும் துணிகளை முன்வாசல் கிரில்லில்தான் காயப்போட்டேன்.

பாப்பா, ரப்பர் தோட்டத்தில் நான் கித்தா மரம் வெட்டப் போன காலத்தை நீ அறிவாய். இருட்டோடு பெரட்டில் பேர் கொடுக்க நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நிரை நிரையாக ஓடுவோம். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்ற அவசரம். தலைக்கு மேலே எத்தனையோ குரல் கேட்கும். அண்ணாந்து பார்க்க நேரம் ஏது? இன்றைக்குத்தான் அந்தக் குரல்களுக்கு முகம் தெரிகிறது. விடியுமுன் இனிமையாகச் சீட்டி அடித்துக்கொண்டிருந்தது வாலைத் தூக்கிக்கொண்டு நடக்கும் கறுப்பு வெள்ளை முராய்க் குருவி. மதியத்தில் புல்லாங்குழல் ஊதுவது கண்ணுக்குக் கறுப்புப் பட்டை கட்டிய மஞ்சள் மாங்குயில். வயது போன பிறகு இப்படி ஒரு சந்தோஷம் கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

குயிலும் வருகிறது. காக்காய்க் கூட்டில் முட்டையிடுமே, அதே குயில். இந்த ஊர்க் காக்காயைப் பற்றி அப்பா நூலகத்தில் படித்துவிட்டு வந்து சொன்னார்: 1890-களில் கிள்ளான் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் புழு தின்பதற்கென்று இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்களாம். காப்பி போய்விட்டது, காக்காய் தங்கிவிட்டது. நம் பாட்டன் பூட்டனையும் காப்பிக்கும் கித்தாவுக்கும்தானே கப்பலேற்றிக் கூட்டிவந்தார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குக் காக்காய்மேல் தனிப் பாசம். ஆடி அமாவாசைக்குப் பாட்டிக்குப் படைத்துவிட்டு இலையில் சோறு வைக்கும்போது இதையும் நினைத்துக்கொள்வேன்.

அணில் பற்றி உன் பாட்டி சொன்ன கதை ஞாபகமிருக்கிறதா, ராமர் தடவிய மூன்று கோடு? இங்கே உள்ள அணிலுக்கு முதுகில் கோடே கிடையாது. விலாவில் மட்டும் கறுப்பும் வெளுப்புமாக ஒரு கரை, வயிறு செம்பு நிறம். ரம்புத்தான் சிவக்கும் முன்பே வந்து ருசி பார்க்கிறது. ராத்திரியில் மூசாங் என்கிற மரநாய் வந்து பப்பாளியைத் தின்றுவிட்டுப் போகிறது. தகரக் கூரையில் நடக்கிற சத்தத்திலேயே அப்பா எழுந்துகொள்வார். பழம் போனால் போகட்டும். இரண்டு பேருக்கு எவ்வளவு வேண்டும்?

பாம்புப் பயம் எனக்கும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம், அங்கே எலி, எலிக்குப் பின்னால் நாகம். சிமெண்டு போட்டாலும் அதன் ஓரத்துப் பொந்தில் எலி குடியிருந்தால் பாம்பு வரத்தான் செய்யும். அதனால் வீட்டை ஒட்டிய புல்லைக் கட்டையாக வெட்டி வைக்கிறோம். மட்டை, பலகை, செங்கல் எதையும் குவிக்கவிடுவதில்லை. இருட்டினால் டார்ச்சும் பூட்ஸும் இல்லாமல் இறங்குவதில்லை. செம்பனைத் தோட்டத்தில் எலி பிடிக்க ஆந்தைக்குப் பெட்டி அடித்து வைத்திருக்கிறார்கள். அந்த வெள்ளை ஆந்தை சில ராத்திரிகளில் நம் வேலிக் கம்பத்தில் வந்து உட்காரும். ஆந்தை அலறினால் ஆகாது என்பார்கள். எலியைத் தின்கிற ஜீவன் வீட்டுக்கு எப்படிக் கெட்டது செய்யும்? டெங்கிக்கும் கவலைப்படாதே. குருவி குளிக்கும் தட்டில் தினம் காலையில் தண்ணீரை மாற்றுகிறேன், தொட்டி அடித்தட்டுகளில் நீர் தேங்கவிடுவதில்லை.

மழையையும் யோசித்துப் பார். சாயங்காலம் இடியோடு கொட்டுகிற மழையை இப்போது மண் குடித்துவிடுகிறது. சிமெண்டு போட்டால் அது சமையற்கட்டுக்குத்தான் வரும். அந்தப் பணத்தை உன் வாடகைக்கு வைத்துக்கொள்.

வேலியோரத்துக் கித்தா மரத்தையும் விட்டுவிடு. கோலகங்சாரில் 1877-இல் வெள்ளைக்கார அதிகாரி ஹியூ லோ நட்டவற்றில் ஒரு மரம் இன்னும் நிற்கிறது, சின்ன வயதில் உன்னைக் கூட்டிப்போய்க் காட்டினோமே. நம் மரம் அவ்வளவு பெரியதில்லை. ஆனால் பட்டையைத் தடவிப் பார்த்தேன். பழைய வெட்டெல்லாம் முண்டும் முடிச்சும் இல்லாமல் வழவழவென்று மூடியிருக்கிறது. உள்கட்டையில் உளி படாமல் வெட்டத் தெரிந்த கை. யார் என்று தெரியாது, நல்ல வேலைக்காரர். வெயில் காய்ந்தால் கொட்டை பட்டென்று வெடித்துத் தகரத்தில் விழுகிறது. உனக்குப் பொறுக்கி வைத்திருக்கிறேன், உரசிச் சூடு வைத்து விளையாடுவாயே.

டிசம்பரில் வருவதாகச் சொன்னாய். அப்போது வடக்கிலிருந்து வருகிற தகைவிலான் குருவிகள் அந்தி நேரத்தில் மின்கம்பிகளில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அப்பாவுக்குக் கண் மங்கலாக இருக்கிறது, அதனால் ஒரு பைனாகுலர் வாங்கிவா. ரொம்பக் கனமானது வேண்டாம், கழுத்தில் மாட்டிக்கொள்கிற மாதிரி இருந்தால் போதும். கோலாலம்பூரில் இறங்கி இ.டி.எஸ். ரயில் ஏறு, அது நம் ஊரிலேயே நிற்கும். எந்த ரயில் என்று முன்கூட்டியே சொன்னால் அப்பா ஸ்டேஷனுக்கு வந்துவிடுவார்.

அன்புடன்,
அம்மா