குருத்தோலையை எடுக்காத காலை

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ பார்த்துக்கொள்ளும் பெரியவரின் வீட்டு முற்றத்தில் கூடாரம் போட ஆள் சொல்லியிருக்கிறார்கள் என்று நேற்றுத் தொலைபேசியில் சொன்னாய் அல்லவா, அப்போதிலிருந்து இதை எழுதிவிட வேண்டும் என்றே இருந்தேன். இந்த 2026ஆம் ஆண்டில் யூதர்களின் கூடாரப் பண்டிகையின் முதல் நாள் செப்டம்பர் 26, அவர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமையில் விழுகிறது. நான் எருசலேமுக்கு வேலைக்குப் போன 2009ஆம் ஆண்டிலும் அது சனிக்கிழமையில்தான் வந்தது. அன்று நான் செய்த பிழையை நீ செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

லேவியராகமம் 23ஆம் அதிகாரத்தில் நாம் படித்திருக்கும் அந்த நான்கு வகைகளை அவர்கள் இந்தப் பண்டிகையில் இன்றும் கையில் எடுக்கிறார்கள்: விரியாத பேரீச்சங்குருத்து ஒன்று, மிருதுச்செடிக் கிளைகள் மூன்று, ஆற்றலரிக் கிளைகள் இரண்டு, இவற்றோடு எத்ரோக் என்னும் கனி ஒன்று. அந்தக் கனி பார்வைக்கு நம் கடாரங்காயைப் போல இருக்கும். நான் பார்த்துக்கொண்ட தாத்தா பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, தோலில் ஒரு கரும்புள்ளிகூட இல்லாத கனியாகத் தேர்ந்து, நல்ல விலை கொடுத்து வாங்கியிருந்தார். சனிக்கிழமை காலை ஜெபம் முடிந்தும் அவர் அதைத் தொடவில்லை. வயதானவர், மறந்துவிட்டார் போலும் என்று எண்ணி, நானே குருத்தோலைக் கட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் மேசையில் வைத்தேன். அவர் இரண்டு கைகளையும் சட்டென்று மடியில் வைத்துக்கொண்டார். அப்பம் வைக்க வேண்டிய இடத்தில் ஓலை கிடந்தது. சற்று நேரம் அதையே பார்த்திருந்தவர், பிறகு உடம்பைச் சாய்த்து, முழங்கையால் அதை மெல்ல மெல்ல மேசையின் ஓரத்திற்குத் தள்ளினார். என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அன்றிரவு மூன்று விண்மீன்கள் தெரிந்து ஓய்வுநாள் முடிந்த பிறகு, பக்கத்தில் உட்காரவைத்து விளக்கினார். ஓய்வுநாளில் பயன் இல்லாத பொருளை அவர்கள் முக்ஸே என்பார்கள். ஒதுக்கி வைக்கப்பட்டது என்று பொருள். ஒருவன் குருத்தோலையைக் கையில் எடுத்துக்கொண்டு, முறை தெரிந்தவரிடம் கற்கப் போகும் வழியில், ஓய்வுநாளின் தடையை மீறிப் பொதுத் தெருவில் நான்கு முழம், அதாவது ஏறத்தாழ இரண்டு மீட்டர், சுமந்து சென்றுவிடுவானோ என்ற அச்சத்தால் ஓய்வுநாளில் அதை எடுக்க வேண்டாம் என்று விதித்ததாக, தல்மூத் என்னும் யூதர்களின் பழைய சட்ட விளக்க நூல் ரப்பா என்னும் அறிஞரின் பெயரால் சொல்கிறது. அவர்களின் புத்தாண்டு ஓய்வுநாளில் வந்தால், வழக்கமாக ஊதும் ஆட்டுக்கடாக் கொம்பை ஊதாததற்கும் இதே காரணம்தான். இந்த ஆண்டு செப்டம்பர் 12 அன்று அங்கே கொம்புச் சத்தம் கேட்டிராததை நீ கவனித்திருப்பாய். எடுக்கக் கூடாது என்று ஆனதும், குருத்தோலைக்கு அன்று வேறு வேலையே இல்லை. ஆகவே அது வெறும் கல்லுக்குச் சமம் ஆகிவிடுகிறது. கையால் எடுப்பதுதான் தடை, முழங்கையால் ஒதுக்க இடம் உண்டு என்பதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புனிதமான பொருள் என்பதால்தான் தொடவில்லை என்று நான் நினைத்திருந்தேன், சங்கதி அதுவல்ல.

எத்ரோக்கின் கதை வேறு. அதை முகர்ந்து பார்க்கலாம் என்பதால் அது கல் ஆகாது, ஓய்வுநாளிலும் நகர்த்தலாம் என்று பழைய சட்ட நூல்கள் அனுமதிக்கின்றன. ஆனாலும் இப்போது பலர் அதையும் தொடுவதில்லை. இதைவிட எனக்குப் பிடித்தது தல்மூத்தில் வரும் ரவா என்னும் இன்னோர் அறிஞர் சொன்ன விதி. மிருதுக்கிளை இருப்பதே வாசனைக்காகத்தான். ஆகவே சடங்குக்கென்று ஒதுக்கும்போது வாசனைதான் ஒதுக்கப்படுகிறது, பண்டிகை முடியும்வரை அதை முகரக் கூடாது. எத்ரோக் உண்பதற்கான கனி. ஆகவே உண்பதற்குத்தான் தடை, முகர்வதற்கு இல்லை. எந்தப் பொருள் எதற்காக இருக்கிறதோ அதிலிருந்தே அதை விலக்குகிறார்கள். பள்ளிக்கூடத்தில் இருபது ஆண்டுகள் இலக்கணம் சொல்லிக்கொடுத்தவனுக்கு இந்த நுணுக்கம் எவ்வளவு இனித்தது என்பதை நீ ஊகித்துக்கொள்ளலாம்.

கூடாரத்தில் தொங்கவிடும் மாதுளையும் காகிதத் தோரணமும்கூட அந்த நாட்களுக்கு ஒதுக்கப்பட்டவையே. காற்றில் ஒரு பழம் அறுந்து விழுந்தால், வீணாகிறதே என்று கழுவித் தட்டில் வைத்துவிடாதே.

நீ யூதன் அல்லன். இந்தத் தடைகள் உன்னைக் கட்டாது. ஆயினும் அவருக்காக நீ செய்வது அவரே செய்வித்ததாக ஆகுமோ என்ற கேள்வி அவர்களுக்கு எழும். அதனால்தான் ‘இதை எடு’ என்று நேராகச் சொல்லாமல், ‘மேசையில் இடம் போதவில்லை’ என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்தக் குறிப்பை நீ புரிந்துகொள்ள வேண்டும். ஆற்றலரி வாடுகிறதே என்று ஈரத்துணி சுற்றத் தோன்றினால், அதை வெள்ளிக்கிழமை மாலைக்கு முன்பே கேட்டுச் செய்துவிடு. எத்ரோக் பெட்டியைத் தூசி தட்டக்கூட எடுக்காதே. அதன் நுனியிலுள்ள குமிழ் உடைந்துவிட்டால் முதல் நாளுக்கு அது உதவாது என்பார்கள். இந்த ஆண்டு அந்த முதல் நாளில் எடுக்கப்போவதில்லை என்றாலும், அவர் மனம் வருந்தும். ஞாயிற்றுக்கிழமை காலை அவரே பெட்டியைத் திறப்பார். அப்போது நாற்காலியைக் கிழக்கே வெளிச்சம் விழும் பக்கம் திருப்பிப் போடு, அது போதும்.

பண்டிகை எல்லாம் முடிந்த பிறகு அந்தக் கனியை உனக்கே கொடுத்தாலும் கொடுப்பார்கள். எனக்கு ஒவ்வோர் ஆண்டும் கிடைத்தது. மரத்திற்கு மருந்து நிறைய அடிப்பார்கள், ஆகையால் தோலை நன்றாகத் தேய்த்துக் கழுவு. உப்பும் மஞ்சளும் போட்டு ஊறவைக்கும் பக்குவத்தை அம்மா சொல்வாள். சதை தடிப்பு, சாறு குறைவு, கடாரங்காயைவிட இரண்டு நாள் கூடுதலாக ஊற வேண்டும்.

அன்புடன்,
அப்பா