விளம்பரத்தில் இருந்த வீடும் குடியேறிகள் வாழ்ந்த வீடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விக்டோரியா மகாராணி காலத்தில் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் குடிபெயர்ந்தவர்களைக் குறிவைத்து வெளிவந்த வணிக விளம்பரங்களைத் தங்கள் ஞாயிறு இணைப்பு தொகுத்து வெளியிட்டிருந்தது. படங்கள் அருமை. ஆனால் அக்காலக் குடும்பங்கள் எப்படி வாழ்ந்தன என்பதை இவ்விளம்பரங்கள் கண்முன் நிறுத்துகின்றன என்று கட்டுரையாளர் முடிவுகட்டியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. வணிகர் எதைத் தலையில் கட்டப் பார்த்தார் என்பதற்குத்தான் விளம்பரம் சான்று. அது வாங்கியவர் வீட்டில் இருந்தது என்பதற்கோ, இருந்து பயன்பட்டது என்பதற்கோ வேறு சான்று தேட வேண்டும்.

கடைச்சரக்குக்கு முன் நிலத்தையே எடுத்துக்கொள்வோம். நியூசிலாந்து கம்பெனி 1839ஆம் ஆண்டில் லண்டனில் உட்கார்ந்துகொண்டே, ஓர் ஏக்கர் நகர நிலமும் நூறு ஏக்கர் நாட்டுப்புற நிலமும் சேர்த்து 101 பவுன் (பிரிட்டிஷ் பணம்) என்று விலை வைத்து, 1,100 பங்குகளாக வகுத்து விற்பனையில் இறங்கியது. யாருக்கு எந்த வரிசை எண் என்று ஜூலை இறுதியில் சீட்டுக் குலுக்கியபோது, அந்த நிலத்தை நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மவோரி மக்களிடமிருந்து வாங்குவதற்காக அனுப்பிய கப்பல் அங்கே கரை சேர்ந்திருக்கவில்லை. ஆகஸ்டில் அந்தக் குடியேற்றத்துக்கான ‘நியூசிலாந்து கெசட்’ இதழும் லண்டனிலேயே அச்சாகிவிட்டது. இரண்டாம் இதழ்தான் 1840 ஏப்ரலில் அங்கே போய் வெளிவந்தது. ஊர் உருவாகும் முன்பே ஊருக்கான பத்திரிகை கையில் இருந்தது. அந்தக் கிரயம் செல்லுமா என்ற விசாரணை பின்னர் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டு போனது தனிக் கதை.

அடுத்தது பயணச் சாமான்கள். 1840இல் அமைக்கப்பட்ட பிரிட்டிஷ் குடியேற்ற ஆணையம், அரசுச் செலவில் கப்பலேறுவோர் குறைந்தபட்சம் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று பட்டியல் கொடுத்திருந்தது. ஆண்களுக்கு ஆறு சட்டை, ஆறு ஜோடி காலுறை, இரண்டு ஜோடி காலணி, மேலுடை இரண்டு செட். பெண்களுக்கு ஆறு உள்ளுடை, இரண்டு கம்பளிப் பாவாடை, ஆறு ஜோடி காலுறை, இரண்டு ஜோடி காலணி, இரண்டு கவுன். இவற்றோடு படுக்கை விரிப்பு, துண்டு, சோப்பு, அவ்வளவுதான். பணம் கட்டித் தனி அறையில் போகிறவர்களின் நிலை வேறு. அந்த அறைகள் பெரும்பாலும் வெறும் அறைகளாகவே கொடுக்கப்பட்டதால், கட்டிலிலிருந்து கைகழுவும் தொட்டி வரை பயணியே வாங்கிப் போட வேண்டும். லண்டன் கார்ன்ஹில்லில் இருந்த எஸ். டபிள்யூ. சில்வர் போன்ற சாமான் கடைகளுக்கு இது பொன்விளையும் பூமியாயிற்று. அக்கடைக்காரர்கள் மழைக்கோட்டும் மடக்குக் கட்டிலும் விற்றதோடு நில்லாமல், குடியேறுவோருக்கான கையேடுகளையும் தாங்களே பதிப்பித்தார்கள். இன்னது தேவை என்று புத்தகம் போடுகிறவரும் அதை விற்கிறவரும் ஒருவரே என்றால் பட்டியல் நீளாமல் என்ன செய்யும்?

அந்த நீண்ட பட்டியல் போய்ச் சேர்ந்த இடத்தைத் தங்கள் கட்டுரை தொடவே இல்லை. 1851இல் விக்டோரியா மாநிலத்தில் தங்கம் கிடைத்த பிறகு மெல்போர்ன் துறைமுகத்தில் கப்பல்கள் குவிந்தன. கப்பலிலிருந்து படகு, படகிலிருந்து வண்டி என்று சாமானை நகருக்குள் கொண்டுவரவே பெருந்தொகை கேட்டார்கள். கிடங்கு வாடகையோ அதற்கு மேல். தங்க இடம் இல்லாமல் யாரா ஆற்றின் தென்கரையில் வாரம் ஐந்து ஷில்லிங் வாடகைக்குக் கூடாரம் அடித்துக் கிடந்தவர்கள், சீமையிலிருந்து சுமந்து வந்த பெட்டிகளை என்ன செய்வார்கள்? படகுத்துறைக்கு அருகிலேயே பெட்டியைத் திறந்து வைத்து, கோட்டு, கம்பளம், புத்தகம், குதிரைச் சேணம், கண்ணாடிச் சாமான் எல்லாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளினார்கள். ‘கந்தல் சந்தை’ என்றே அந்த இடத்துக்குப் பெயர் விழுந்தது. குடியேறுபவருக்கு இன்றியமையாதவை என்று லண்டனில் விளம்பரப்படுத்தப்பட்ட பொருள்களின் உண்மை மதிப்பு தெரிய வேண்டுமானால் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

வீடும் அவ்வாறே பெட்டியில் வந்தது. இதில் நல்ல சரக்கும் இருந்தது என்பதை மறுக்க மாட்டேன். லண்டன் தச்சரான ஜான் மேனிங், மேற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்வான் ஆற்றுக் குடியேற்றத்துக்குப் புறப்பட்ட தம் மகனுக்காகச் செய்த மரவீடு, பலகைகள் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தக்கூடியதாகவும், எந்தத் துண்டும் ஓர் ஆள் தூக்கும் எடையை மீறாததாகவும் அமைந்தது. திருகுச் சாவி பிடிக்கத் தெரிந்தால் போதும், வீட்டைப் பொருத்தி நிறுத்திவிடலாம். பிறகு அதையே அவர் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவர் அனுப்பி, 1840இல் அடிலெய்டில் நிறுத்தப்பட்ட, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் வழிபாட்டு மன்றம் இன்றும் நிற்கிறது. ஆனால் தங்க வேட்டைக் காலத்தில் பிரிட்டனிலிருந்து வந்து இறங்கிய நெளிதகர வீடுகளை அதே வரிசையில் வைக்க முடியாது. தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலைக் கழித்த நம்மவர்களுக்கு, சுவரும் தகரமாக இருந்தால் மெல்போர்ன் கோடையில் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. 1854 வாக்கில் தேவைக்கு மேல் சரக்கு வந்து குவிந்து சந்தை சரிந்தபோது, அவையும் ஏலக் கூடத்துக்குப் போயின. தெற்கு மெல்போர்னின் கவன்ட்ரி தெருவில் 1853இல் நிறுத்தப்பட்ட தகர வீடு ஒன்றை, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் ஆஸ்திரேலிய அமைப்பான தேசிய அறக்கட்டளை காப்பாற்றி வைத்திருக்கிறது.

இதற்கு மாறாக, உள்ளூரில் தொழில் தொடங்கியவர்களின் விளம்பரங்களைச் சற்றுக் கூடுதலாக நம்பலாம் என்பது என் கருத்து. வாங்கியவர் மறுநாளே கடை வாசலில் வந்து நிற்கக்கூடும் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. நியூசிலாந்தின் டனீடன் நகரில் இரும்பு வார்ப்பு ஆலை வைத்த ஹென்றி ஷாக்லாக், இங்கிலாந்திலிருந்து வந்த அடுப்புகள் தரமான நிலக்கரிக்காக வடிவமைக்கப்பட்டவை என்பதையும், ஒடாகோ பகுதியில் கிடைத்த பழுப்பு நிலக்கரி அவற்றில் சரியாக எரியவில்லை என்பதையும் கண்டு, 1873இல் ‘ஓரியன்’ அடுப்பைச் செய்தார். அந்தப் பெயர் அவர் காலத்துக்குப் பிறகும் நெடுநாள் விலைபோனது. கிறைஸ்ட்சர்ச்சில் மளிகைக் கடை நடத்திய தாமஸ் எட்மண்ட்ஸ் 1879இல் பேக்கிங் பவுடர் தயாரிக்கத் தொடங்கி, பிடிக்காவிட்டால் டப்பாவைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொல்லி வீடு வீடாக ஏறி இறங்கினார். ‘நிச்சயம் உப்பி எழும்’ என்ற அவருடைய விளம்பர வாசகம் அந்நாட்டில் இன்றும் வழக்கில் உள்ளது. தவணையில் கொடுத்த தையல் மெஷின்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம்.

மருந்து விளம்பரங்களைப் பற்றித்தான் எனக்கு உண்மையான வருத்தம். ஹாலோவே மாத்திரை விளம்பரத்தை வேடிக்கைப் படம்போல் அச்சிட்டிருந்தீர்கள். 1837இல் தொழில் தொடங்கிய தாமஸ் ஹாலோவே, 1883இல் இறக்கும் காலத்தில் விளம்பரத்துக்கு மட்டும் ஆண்டுக்கு ஐம்பதாயிரம் பவுன் அளவுக்குச் செலவிட்டு வந்தவர். மஞ்சள் காமாலை முதல் கீல்வாதம் வரை தீரும் என்ற அந்த மாத்திரையின் முக்கியச் சரக்கு, பேதிக்குக் கொடுக்கும் கரியபோளம். இந்தியாவில் ராணுவ மருத்துவராக இருந்த காலிஸ் பிரவுன் காலராவுக்காகச் செய்த ‘குளோரோடைன்’ மருந்தில் அபினும் கஞ்சாவும் குளோரோஃபார்மும் கலந்திருந்தன. கடல் கடந்த குடியேற்றங்களில் அது இருமலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் கேட்கும் வீட்டு மருந்தாக விற்றது. பல் முளைக்கும் குழந்தைக்கு ஊட்டச் சொன்ன வின்ஸ்லோ அம்மையார் பெயர்கொண்ட பாகில் மார்ஃபின் இருந்தது. மருத்துவர் இருக்கும் ஊருக்குக் குதிரையில் ஒரு நாள் போக வேண்டியிருந்த தாயின் அச்சம்தான் இவ்வளவுக்கும் முதலீடு. இவற்றை அச்சிடும்போது புட்டிக்குள் என்ன இருந்தது என்று ஒரு வரி சேர்ப்பது பத்திரிகையின் கடமை.

தேயிலை விளம்பரங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1880களுக்கு முன் ஆஸ்திரேலியர் குடித்தது பெரும்பாலும் சீனத் தேயிலை. அந்த இடத்தை இந்திய, இலங்கைத் தேயிலை பிடிக்க, சீனச் சரக்கு கலப்படம், தங்கள் சரக்கே தூய்மையானது என்ற பிரசாரம் உதவியது. சீனர் மீது அங்கே வளர்ந்துவந்த வெறுப்பும் அதற்குத் துணைபோயிற்று. இலங்கைத் தோட்டங்களில் அந்த இலையைக் கிள்ளியவர்கள் திருச்சி, மதுரை, சேலம் பக்கங்களிலிருந்து போன நம் மக்கள். தமிழ்ப் பத்திரிகை இந்தப் பொருளை எழுதும்போது அதை விட்டுவிட்டது எனக்கு வியப்பளித்தது.

தொடரின் அடுத்த பகுதி வரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் இதழின் பெயரையும் தேதியையும் தரும்படியும், இயன்றால் அதே நாள் இதழில் வந்த ஏல அறிவிப்புகளையும் பக்கத்தில் வெளியிடும்படியும் கேட்டுக்கொள்கிறேன். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ‘ட்ரோவ்’, நியூசிலாந்து தேசிய நூலகத்தின் ‘பேப்பர்ஸ் பாஸ்ட்’ ஆகிய இரு இணையத் தொகுப்புகளிலும் இந்தப் பழைய இதழ்களை எவரும் கட்டணமின்றித் தேடிப் படிக்கலாம்.

தங்கள் உண்மையுள்ள,
வாசகர், திருச்சிராப்பள்ளி