ஆட்களைச் சொல், ஸ்பிரிங் சொல்கிறேன்

கொக்குவில்

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய படங்கள் கிடைத்தன. அம்மாவின் போனில் ஒன்றும் வடிவாகத் தெரியவில்லை என்று சந்திக் கடையில் கொடுத்துப் பெரிதாக அச்செடுத்து வைத்திருக்கிறேன். வட்ஸ்அப்பில் பதில் எழுதினால் "சரி அப்பா" என்று இரண்டு சொல் போட்டுவிட்டு நீ போய்விடுவாய். கடதாசியில் எழுதினால் ஆறுதலாக வாசிப்பாய். சின்னம்மாவின் மகன் அடுத்த கிழமை ரொறன்ரோ திரும்புகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன்.

நீ வாங்கின 2004ஆம் ஆண்டு பிஎம்டபிள்யூ எம்3 கார் நல்ல சாமான்தான், அதில் மறுபேச்சில்லை. 3.2 லீற்றர், வரிசையாக ஆறு சிலிண்டர், 8000 சுற்று வரைக்கும் சளைக்காமல் ஏறுகிற எஞ்சின். அப்படி ஒன்றில் கை வைக்கிற யோகம் எனக்கு வாய்க்கவில்லை. ஆனால் வாங்குவதற்கு முன் வாய் திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஸ்பனர் பிடிக்கப் பழக்கினவன் நான், செய்தி சுற்றிக்கொண்டு வருகிறது. சரி, வாங்கியாயிற்று.

எந்த அட்ஜஸ்டபிள் ஷொக் நல்லது என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முதல் காருக்குக் கீழே போ. இருபது வருஷம் தாண்டின வண்டி. அதிலுள்ள ரப்பர் எல்லாம் விறைத்திருக்கும், இல்லாவிட்டால் வெடித்திருக்கும். சில்லைப் பிடித்திருக்கிற முன் ஆமின் ரப்பர் புஷ், பின் ட்ரெய்லிங் ஆம் புஷ், போல் ஜொயின்ற், ஷொக்கின் மேல் மவுண்ட், இவ்வளவையும் கம்பி போட்டு நெம்பிப் பார். புஷ் ஆடுகிற காருக்கு எவ்வளவு விலையான ஷொக் பூட்டினாலும் ஆட்டம் போகாது. புதுச் சாமான் போட்டும் கார் இழுக்கிறது என்று பிறகு ஷொக்கைத்தான் திட்டுவாய்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் பார். பின்பக்கத்துச் சப்ஃபிரேம், அதுதான் பின் சில்லுகளின் ஆம்களைத் தாங்குகிற சட்டம், நாலு இடத்தில் உடம்புத் தகட்டோடு பூட்டியிருக்கிறது. அந்த இடத்துத் தகடு வெடிப்பது இந்த மொடலுக்கு ஊரறிந்த வியாதி. ஸ்பிரிங்கை இறுக்கமாக்கினால் அந்தத் தகட்டுக்கு இன்னும் அடி. டிக்கிக் கம்பளத்தைத் தூக்கிவிட்டு மேலேயும் பார், கீழே நாலு மூலையிலும் ஊத்தையைத் துடைத்துவிட்டு லைட் அடித்துப் பார். தலைமயிர் அளவுக் கோடு தெரிந்தாலும் ஷொக்குக்கு வைத்திருக்கிற காசை அதில் போட்டுத் தகடு வைத்து ஒட்டுவி. எனக்கு அந்த நாலு இடத்தையும் படம் எடுத்து அனுப்பு.

படம் என்றதும் ஞாபகம் வருகிறது. கார் நிற்கிற இடத்தில் ஒரு தூண் தெரிகிறது, அதில் "பி2" என்று மஞ்சளில் எழுதியிருக்கிறது. அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே இருக்கிற தரிப்பிடம் மாதிரிப் படுகிறது. அங்கே ஜக் வைத்துச் சில்லுக் கழற்ற விடுவார்களா? உங்கள் வீட்டு கராஜுக்குள்ளேயே செய்யலாமே. நான் வந்திருந்தபோது அடித்துக் கொடுத்த தட்டு, அந்த வைஸ், எல்லாம் அங்கேதானே இருக்கின்றன. பின் சீற்றில் குட்டியின் கதிரையையும் காணவில்லை. வேலைக்காகக் கழற்றி வைத்திருப்பாய்.

இனி ஷொக். ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும், ஷொக் அந்த ஸ்பிரிங் துள்ளுவதை அடக்கும். சில்லு மேலே அமுங்கும்போது ஒரு தடை, திரும்பக் கீழே இறங்கும்போது ஒரு தடை. எந்தத் தடையை நீ மாற்றலாம் என்பதில்தான் விலை வித்தியாசம். கொனி கொம்பனியின் மஞ்சள் ஷொக்கில் திரும்புகிற தடையை மட்டும் மாற்றலாம். கேடபிள்யூ கொம்பனியின் வேரியன்ட் 2இல் உயரமும் மாறும், திரும்புகிற தடையும் மாறும். வேரியன்ட் 3இல் இரண்டு தடையையும் தனித்தனியே மாற்றலாம். பில்ஸ்ரைன் பி16இல் ஒரே திருகு, பத்து நிலை, இரண்டும் சேர்ந்து மாறும்.

என் எண்ணத்தைக் கேட்டால் உனக்கு ஒரு திருகு போதும். இரண்டு திருகு இருந்தால் பிழையாக வைக்க இரண்டு வழி. வேரியன்ட் 3இன் அமுங்குகிற தடைத் திருகு ஷொக்கின் அடியில் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பனிக்காலத்தில் றோட்டுக்குப் போடுகிற உப்புத் தண்ணீர் நேராக அங்கேதான் அடிக்கும். உயரம் மாற்றுகிற மரையும் அப்படித்தான், இரண்டு பனிக்காலம் போனால் நட் இறுகிப்போய் அசையாது. கேடபிள்யூ குழாய் துருப்பிடிக்காத எஃகு, அது ஒரு புண்ணியம். எதைப் பூட்டினாலும் மரைக்குக் கிறீஸ் பூசி உறை போடு. பனிக்காலத்தில் அந்தக் காரை எடுக்காமல் விட்டால் இன்னும் நல்லது. நீ எடுப்பாய் என்று எனக்குத் தெரியும்.

திருகை முழுதாக இறுக்கி, அங்கிருந்து எண்ணித் தளர்த்து. இடமும் வலமும் ஒரே எண்ணிக்கையாக இருக்கட்டும். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்று, கொப்பியில் எழுதி வை. திரும்புகிற தடையை மிஞ்சி இறுக்காதே. இறுக்கினால் ஒரு கிடங்கில் அமுங்கின சில்லு திரும்ப இறங்குவதற்குள் அடுத்த கிடங்கு வந்துவிடும். கார் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே அமுங்கிக்கொண்டே போகும். ஓடுகிறவனுக்குக் கார் இறுக்கமாக, பிடிப்பாக இருப்பது போலத்தான் தோன்றும், ஆனால் ரயர் நிலத்தில் ஒழுங்காகப் பதியாது. பனி உருகுகிற காலத்து ரொறன்ரோ றோட்டுக்கு இதைவிடக் கெட்ட செற்றிங் கிடையாது.

உயரத்தையும் அப்படிக் குறைத்துவிடாதே. படத்தில் பார்க்க வடிவாக இருக்கும். இந்தக் காருக்கு முன்னால் மக்பேர்சன் ஸ்ட்ரட், ஷொக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாகச் சேர்ந்தது. மிஞ்சி இறக்கினால் கீழ் ஆமின் சாய்வு கெட்டு, வளைவில் சாய்வது கூடுமே தவிரக் குறையாது. ஷொக் அமுங்குகிற இடைவெளியும் முடிந்து ரப்பரில் போய் முட்டும். அளக்கும்போது நிலத்திலிருந்து அளக்காதே, சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை அள. உயரத்தைத் தொட்டால் வீல் அலைன்மென்ட் கட்டாயம், இல்லையென்றால் ரயரின் உள்பக்கம் தின்றுபோகும். வெளியில் நின்று பார்த்தால் தெரியவும் மாட்டாது. இன்சூரன்ஸ்காரருக்கும் சொல்லிவிடு.

பின்பக்கத்தில் ஸ்பிரிங் வேறாக, ஷொக் வேறாக இருப்பதைக் கவனித்திருப்பாய். சில செற்றில் இரண்டையும் சேர்த்து ஷொக்கின் மேலேயே ஸ்பிரிங்கை ஏற்றிவிடுகிறார்கள். அது பந்தயக்காரருக்கு. உனக்கு வேண்டாம். அந்த மேல் மவுண்டின் தகடு காரின் பாரத்தைத் தாங்குவதற்கென்று செய்தது கிடையாது. ஸ்பிரிங் அதன் பழைய இடத்திலேயே இருக்கட்டும். அந்த இடம் சில்லிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால் பின் ஸ்பிரிங்கின் இலக்கம், அதாவது அதன் இறுக்கக் கணக்கு, முன்னதைவிடப் பெரிதாக இருக்கும், அதைக் கண்டு பயப்படவும் வேண்டாம்.

மொஸ்போர்ட் ஓட்டப் பாதைக்குப் போய் வருவதாக அக்காவிடம் சொன்னாயாம். சனியும் போகிறாயாம், ஞாயிறும் போகிறாயாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் குட்டிக்கு நீச்சல் வகுப்பு என்று நீதானே சொன்னாய், இப்போது அவளை யார் கூட்டிக்கொண்டு போகிறார்கள்? ஓடுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. பத்து வயதில் கண்ணை மூடிக்கொண்டு பொனற்றில் கை வைத்து எந்தச் சிலிண்டர் அடிக்கவில்லை என்று சொன்ன பிள்ளை நீ. அந்தக் காது இந்தத் தெருவில் வேறு ஒருவனுக்கும் இல்லை. அதை இன்றைக்கும் வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சின்னம்மாவின் மகளுக்குச் சம்பந்தம் சரிவந்திருக்கிறது, தையில் கலியாணம். அம்மாவின் வலக்கண்ணில் கட்டு அவிழ்த்தாயிற்று. அன்றைக்கு நீ எடுத்தாய், இரண்டு நிமிஷத்தில் வைத்துவிட்டாய். முன்பென்றால் மருமகள் போனை வாங்கி, என்ன சாப்பிட்டீர்கள், மருந்து விட்டீர்களா என்று அரை மணித்தியாலம் கதைப்பா. வேலை கூடப் போல. சரி, ஸ்பிரிங்குக்கு வருவோம்.

நீ இன்னும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அது தெரியாமல் நான் ஸ்பிரிங் சொல்ல முடியாது.

எங்கள் பழைய மொறிஸ் மைனர் காருக்கு முன்பக்கம் கொயில் ஸ்பிரிங் கிடையாது, உனக்குத் தெரியும். நீளமான எஃகுக் கம்பி முறுக்குப்பட்டுத்தான் பாரம் தாங்கும். கம்பியின் நுனியில் பல்லு வெட்டியிருக்கும். கழற்றிப் பல்லை மாற்றிப் பூட்டினால் முன்பக்கம் ஏறும், இறங்கும். 1948இல் வந்த காரில் அது இருந்தது, இப்போது நீங்கள் அட்ஜஸ்டபிள் என்று காசைக் கொட்டுகிறீர்கள். பிறகு பெற்றோல் தட்டுப்பாட்டில் அதை மண்ணெண்ணெயில் ஓடின காலம். இரண்டு சொட்டுப் பெற்றோலைக் கார்பரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணிவிட்டுப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். தனியே ஓடுகிறேன் என்று நான் முன்பக்கத்தை நல்லாக இறக்கி வைத்திருந்தேன், அப்போது அதுதான் எனக்கு வடிவு.

யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 95 ஐப்பசியில் நாவற்குழிப் பாலத்தில் அந்தக் கார் யார் யாரைச் சுமந்தது, யாருடைய மடியில் யார் இருந்தார்கள் என்று அம்மா உனக்குச் சொல்லிச் சொல்லி உனக்கே மனப்பாடமாகியிருக்கும். ஆள் நடக்கிற வேகத்தில்தான் கார் போனது. பின் ரயர் மட்கார்ட்டில் உரசி எரிந்த மணம் சாவகச்சேரி வரைக்கும் வந்தது. நிறுத்தி ஒருவரை இறங்கச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவில்லை, யாரும் இறங்குகிறேன் என்று சொல்லவும் இல்லை. திரும்பி வந்து கழற்றினபோது பின் லீஃப் ஸ்பிரிங்கில் இரண்டு தகடு முறிந்து, மற்றத் தகடுகள் அதைக் கவ்விக்கொண்டு இருந்தன. அதற்குப் பிறகு யார் கார் கொண்டுவந்து ஸ்பிரிங் மாற்றச் சொன்னாலும், இதில் யார் யார் ஏறுவீர்கள் என்றுதான் முதல் கேட்பேன். கடை மூடும் வரை அப்படித்தான்.

உன்னையும் அதைத்தான் கேட்கிறேன். நீ மட்டும் இருந்து ஓடுவதற்கு ஒரு ஸ்பிரிங். பக்கத்தில் மருமகளும் பின்னால் குட்டியும் அவளுடைய கதிரையும் டிக்கியில் பையும் என்றால் இன்னொன்று. மூலைக்கு மூலை பாரம் நிறுப்பதென்றாலும் ஓடுகிறவர்களை ஏற்றி வைத்துத்தான் நிறுக்க வேண்டும். இரண்டு கதவுக் கார் என்பதால் குட்டியைப் பின்னால் ஏற்றி இறக்கக் குனிய வேண்டிவரும், மருமகளுக்கு இடுப்பு நோ இருந்தது, அதையும் யோசி. அவர்கள் இந்தக் காரில் ஏறுவதில்லை, வேறு கார் இருக்கிறது என்றால் அதையும் சொல். எதுவென்றாலும் சொல், எனக்குக் கணக்குத் தெரிந்தால் போதும். அது வரைக்கும் ஒன்றுக்கும் காசு கட்டாதே. புஷ்ஷை மாற்று, தகட்டைப் பார், ஷொக் ஓடிப்போகாது.

அம்மா ஒன்றைக் கேட்டு எழுதச் சொன்னா. நான் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு எடு, உனக்கு அங்கே காலை எட்டரை. அம்மா நல்லூருக்குப் போயிருப்பா, வர ஏழரை ஆகும். ஸ்பிரிங் இலக்கம் எழுதின கடதாசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடு.

அப்பா

பி.கு.: பின் ஷொக்கின் கீழ்ப் போல்ட்டைக் கார் தூக்கியிருக்கும்போது அரைகுறையாகப் பூட்டு, இறக்கிப் பாரம் ஏறின பிறகு முழுதாக இறுக்கு. ஆம் புஷ் போல்ட்டுக்கும் அதே முறைதான். தூக்கி வைத்தே இறுக்கினால் ரப்பர் முறுகிப்போய் நாலு மாதத்தில் கிழியும்.