வாய்மேளத்துக்கு முதலில் ஒத்து வேண்டும்

ஆசிரியருக்கு,

வணக்கம். ஒரு கருவியும் இல்லாமல், பன்னிரண்டு மாணவ மாணவியர் வாயாலேயே, நாகசுரமும் தவிலும் சேர்ந்த பெரிய மேளம் நிகழ்த்திய கல்லூரிக் குழுவைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின், கருவியின்றிப் பாடும் விஃபன்பூஃப்ஸ் குழு 1909-இல் தொடங்கியது. அந்த வழியில் வந்த பாணியை நம் கல்லூரிகள் அப்படியே எடுத்துக்கொண்டு, வாயால் கிட்டாரும் டிரம்ஸும் போட்டுக்கொண்டிருந்தன. தஞ்சை மண்ணில் இருந்துகொண்டு கோயில் ஊர்வலத்தில் நாகசுரத்தில் வாசிக்கும் மல்லாரியைத் தொட இத்தனை காலம் ஆனதுதான் வியப்பு.

ஆனால் கட்டுரை நாகசுரமாகப் பாடியவர்களையும் தவிலாகச் சொன்னவர்களையும் மட்டுமே புகழ்கிறது. ஒத்து, அதாவது இடைவிடாமல் நீளும் சுருதி ஒலி, பிடித்த நான்கு பேரைப் பற்றி ஒரு வரி இல்லை. அதைப் படித்துவிட்டுக் குழு தொடங்கப்போகும் கல்லூரிகள் அந்த இடத்தில்தான் சறுக்கும். நல்ல குரல்களையெல்லாம் மெட்டுக்கு அனுப்பிவிட்டு, மிஞ்சியவர்களை ஒத்துக்கு நிறுத்துவார்கள். ஐந்து நிமிடத்தில் மொத்தக் குழுவும் சுருதியில் அரைக்கட்டை இறங்கியிருக்கும். அது பாடுபவர்களுக்கே தெரியாது, ஏனென்றால் எல்லோரும் சேர்ந்தே இறங்குகிறார்கள். முடித்தவுடன் சுருதிப்பெட்டியை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இறங்குவதற்குக் காரணம் மூச்சு. மூச்சு தீரும் தறுவாயில் அடிப்படை ஸ்வரமான சட்ஜமம் தொய்கிறது. நான்கு பேரும் தாளம் தொடங்கும் சமத்தில் ஒன்றாக மூச்சு வாங்கினால் மேலே பாடுபவர்களுக்குப் பிடிமானம் போய்விடுகிறது. நிஜ ஒத்துக்காரர் மூச்சை உள்ளே இழுக்கும்போதும் கன்னத்தில் தேக்கிய காற்றால் ஒலியை நிறுத்தாமல் ஊதுவார். குரலால் அது முடியாது. எட்டு அட்சரம் (எண்ணிக்கை) கொண்ட ஆதி தாளத்தை நிமிடத்துக்கு 60 அட்சரமாக வைத்தால் ஓர் ஆவர்த்தனம், அதாவது ஒரு சுற்று, 8 நொடி. முதல் ஆள் 2-ஆம் அட்சரத்தில் மூச்சு வாங்கட்டும், அடுத்தவர் 4-இல், மற்ற இருவர் 6-இலும் 8-இலும். சமத்தில் யாரும் வாங்கக் கூடாது. மூச்சு முழுக்கத் தீரும்வரை இழுக்காமல், கொஞ்சம் கையிருப்பில் இருக்கும்போதே விட வேண்டும். திரும்பச் சேரும்போது 'ஆ' என்று ஆரம்பித்தால் இடிக்கும். வாயை மூடி 'ம்' என்று நுழைந்து பிறகு திறந்தால் சேர்ந்தது தெரியாது.

ஆணும் பெண்ணும் கலந்த குழுவில் 5 கட்டை சுருதி சரிப்படும். பெண்கள் மல்லாரியைப் பாடட்டும். ஒத்தில் ஆண்களுக்கு மந்தர (கீழ் ஸ்தாயி) பஞ்சமம் சுகமாக நிற்கும். அடிக்குரல் உள்ள ஒருவர் மந்தர சட்ஜமத்தைப் பிடித்தால் மேளத்துக்கே கனம் வந்துவிடும். பயிற்சிக்குத் தம்புரா போதும், கீபோர்டு வேண்டாம். கீபோர்டின் காந்தாரம் தம்புராவில் இயல்பாக ஒலிக்கும் அந்தர காந்தாரத்தைவிட ஏறத்தாழ 14 சென்ட் (ஒரு சென்ட் அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) கூடுதல். அதில் பழகிய காது ஒத்தோடு ஒட்டாது.

மல்லாரிக்குரிய கம்பீரநாட்டை ராகத்தில் ரிஷபமும் தைவதமும் கிடையாது. சட்ஜமம், காந்தாரம், பஞ்சமம் மூன்றையும் சேர்த்துப் பிடித்தால் ராகத்துக்குப் பங்கமில்லாமல் காது நிறையும். ஆனால் மெட்டு மத்தியமத்தில் நிற்கும்போது காந்தாரம் பிடிப்பவர் அங்கேயே நின்றால் அரை ஸ்வர இடைவெளியில் உரசும். அந்த இடத்தில் அவர் சட்ஜமத்துக்கு இறங்கிவிட வேண்டும். மல்லாரிக்குச் சாகித்தியம் இல்லாதது இன்னொரு வசதி: நாகசுரக்காரர் நாக்கால் தட்டும் துத்துகாரத்தை 'து'வில் தட்டி, நீட்டல்களை மூக்கொலி கலந்த ஏகாரத்தில் விட்டால் நாகசுரத்தின் வாயில் செருகும் நாணல் சீவாளியின் சாயல் வருகிறது.

தவிலுக்கு மூன்று பேர்: இருவர் வலந்தலை (வலப்பக்கம்), ஒருவர் தொப்பி (இடப்பக்கம்). படிப்படியாக வேகம் இரட்டிக்கும் மூன்று காலமும் போவதால் தொடக்க வேகத்தில் கவனம் வேண்டும். முதல் காலத்தில் அட்சரத்துக்கு 2 சொல் என்றால் மூன்றாம் காலத்தில் 8. 60-இல் வைத்தால் நொடிக்கு 8 சொல், நாக்கு தாங்கும். உற்சாகத்தில் 80-க்கு ஏற்றினால் நொடிக்கு 10-ஐத் தாண்டி, 'தரிகிட' என்பது 'தர்ட' என்று மழுங்கிவிடும். கல்மண்டபத்தில் எதிரொலியும் சேர்ந்துகொள்ளும். அங்கே 50 போதும். வலந்தலை இருவரும் ஆவர்த்தனம் மாற்றி ஆவர்த்தனம் சொன்னால் மூச்சு முட்டாது. மீதி ஒருவர் தாளம். ஜால்ராவின் 'ட்சிங்' ஓசையை மெல்லச் சொன்னாலே போதும், உரக்கச் சொன்னால் தவிலை மூடிவிடும்.

மல்லாரியை வாயால் பாடுவது மேளத்துக்கு மரியாதைக் குறைவு என்று சிலர் எழுதக்கூடும். நாகசுரம் கற்பவர் பாடிப் பழகியே குழலைத் தொடுகிறார். தவில் கற்பவர் சொற்கட்டை வாயில் ஏற்றிக்கொண்டுதான் கையில் கொண்டுவருகிறார். பெரிய மேளத்திலேயே ஒத்துக்குழலின் இடத்தைப் பெரும்பாலும் சுருதிப்பெட்டி பிடித்துக்கொண்ட காலத்தில், நான்கு இளைஞர்கள் அந்த வேலையைக் குரலால் சுமப்பதை நாங்கள் மனமாரப் பாராட்டுகிறோம்.

விழா நடத்துபவர்களுக்கு ஒன்று. ஆளுக்கொரு மைக் கொடுத்தால் ஊளையிடும், ஐந்து போதும். மெட்டுக்கு இரண்டு, தவிலுக்குக் கையில் பிடிக்கும் மைக் இரண்டு. தொப்பிக்கு 'தொம்' சொல்பவர் உதட்டருகே வைத்தால் அடிநாதம் கூடும், ஆனால் காற்று நேராக அடிக்காமல் சற்றே சாய்த்துப் பிடிக்க வேண்டும். வலைக்கூட்டைக் கையால் பொத்தக் கூடாது. ஐந்தாவது மைக்கை அரைவட்டமாக நிற்கும் ஒத்துக்காரர்களுக்கு நடுவில் ஸ்டாண்டில் வையுங்கள். மேடையில் ஒரேயொரு மானிட்டர்தான் இருக்கிறது என்றால், அதில் ஒத்து மட்டும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
குரலிசை, கொன்னக்கோல் பயிற்றுநர்கள்,
கும்பகோணம்.