அம்மிணிக்கு, அந்த ஆக்டேவியா விஷயமாக

அம்மிணி,

அந்தப் பழைய ஆக்டேவியா காரை வாங்க நீ போட்டு அனுப்பின கணக்கு ஷீட் வந்தது. போட்டோக்களும் வந்தன. போனில் பேசினால் நடுவில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, நான் சொல்ல வந்ததும் பாதியில் நின்றுபோகிறது. அதனால்தான் எழுதுகிறேன். ஒரே மூச்சில் படிக்காதே, ராத்திரி குட்டி தூங்கின பிறகு படி.

வண்டி நல்ல வண்டி, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உன் மெயிலைப் பார்த்ததிலிருந்து அப்பாவுக்கு வேறு பேச்சே கிடையாது. 2017-ல் ஸ்கோடா இந்த ஆர்எஸ்ஸை, அதாவது ஆக்டேவியாவிலேயே வேகமான மாடலை, இங்கே இறக்கியபோது 25 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே விலை வைத்தார்களாம், வந்ததே சொற்ப வண்டிகளாம், வந்த வேகத்தில் தீர்ந்துவிட்டதாம். 2020-ல் அடுத்தது வந்தபோது 36 லட்சம், நாடு முழுவதற்கும் 200 வண்டிதானாம். நேற்று ரசம் ஆறிக்கொண்டிருக்கிறது, இவர் 230 குதிரைத்திறனுக்கும் 350 நியூட்டன் மீட்டருக்கும் எனக்கு வித்தியாசம் சொல்லிக்கொண்டிருக்கிறார். 590 லிட்டர் டிக்கி, பின்சீட்டில் மூன்று பேர், இது குடும்ப வண்டிதான் என்று நீ எழுதியதை வரி மாறாமல் ஒப்பிக்கிறார். நீங்கள் ரெண்டு பேரும் எப்போதும் ஒரே கட்சி. பத்மினி காரைக் கேட்டுக்குள் ஏற்றிய நாளிலிருந்தே அப்படித்தான்.

நான் பேப்பர் கட்சி. பேங்கில் கார் லோன் சீட்டில் உட்கார்ந்து தலை நரைத்தவளிடம் நீயே கேட்டிருக்கிறாய், அதனால் சொல்கிறேன்.

17 லட்சம் கேட்கிறார்கள். கையிலிருந்து 5, லோன் 12. வட்டி 13 சதவீதம், அறுபது தவணை, மாதம் 27,304. நீ போட்ட கணக்கு சரி, நானும் போட்டுப் பார்த்துவிட்டேன். வட்டி மட்டும் 4 லட்சத்து 38 ஆயிரம் போகும். அதுகூடப் பரவாயில்லை. வண்டி 2017 மாடல். லோன் முடிவது 2031-ல். ஆர்.சி., அதாவது பதிவுச் சான்று, 15 வருடத்துக்குத்தான், 2032-ல் முடிகிறது. அப்புறம் ஃபிட்னஸ் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். கடைசித் தவணை கட்டி ‘அப்பாடா’ என்று உட்காரும்போது வண்டிக்குப் பதினான்கு வயது. எங்கள் கிளையில் லோன் முடியும்போது வண்டி பத்து வயதைத் தாண்டக்கூடாது என்று பார்ப்போம். உனக்கு லோன் தருகிற இவர்கள் கொடுக்கிறார்கள் என்றால் அதற்குத்தான் அந்த 13.

அப்புறம், வண்டி எம்.எச். நம்பர், மகாராஷ்டிரா பதிவு. இதை நீ ஒரு வரியில் எழுதித் தாண்டிவிட்டாய். புனேயிலிருந்து என்.ஓ.சி., அதாவது தடையில்லாச் சான்று, வாங்க வேண்டும், படிவம் 28. “வாங்கித் தருகிறேன்” என்று விற்கிறவர் சொல்வார். வாங்கித் தரட்டும், கையில் வந்த பிறகு முழுப் பணம் கொடு. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் கர்நாடகாவில் ஓட்டினால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும், ஆயுள் வரி கட்ட வேண்டும். புது வண்டிக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம் வாங்குகிற மாநிலம் அது. பழைய வண்டிக்கு வயதைப் பார்த்துக் குறைப்பார்கள். குறைத்தாலும் லட்சத்தில்தான் நிற்கும். மகாராஷ்டிராவில் கட்டின வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்கலாம். கேட்டு அலைந்தவர்களைத் தெரியும். உன் ஷீட்டில் இந்த வரிக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

ஆர்.சி.யில் பழைய லோன் பதிவு இருக்கிறதா என்று அரசாங்கத்தின் வாகன் இணையதளத்தில் நம்பரைப் போட்டுப் பார். இருந்தால் படிவம் 35, அந்த பேங்கின் கடிதம், ரெண்டும் வேண்டும். பேர் மாற்றத்துக்கு 29, 30. இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உன் பேருக்கு மாற்று. அதுவரை வண்டிக்கு ஏதாவது ஆனால் உனக்கு ஒன்றும் வராது. நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, வண்டியோடு வராது, ஆளோடுதான் போகும். இப்போது இருக்கிற ஐ10 காரை விற்கிறதாக இருந்தால் உன்னுடைய போனஸுக்குக் கம்பெனியிடம் கடிதம் வாங்கி வை, இதில் போட்டுக்கொள்ளலாம். ஐ10-ஐ விற்கிறீர்களா, வைத்துக்கொள்கிறீர்களா என்றும் நீ எழுதவில்லை.

அப்பா பங்குக்கு அவர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நின்றுகொண்டே இருப்பார். வண்டி பார்க்கப் போகிற அன்று காலையில் போக வேண்டும், வருகிறேன் என்று முன்கூட்டியே நேரம் சொல்லக்கூடாது. போனவுடன் பானெட் மேல் கை வை. சூடாக இருந்தால் உனக்காக ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடு. முதல் ஸ்டார்ட்டில் வரும் சத்தத்தில் நிறையத் தெரியுமாம். இந்த எஞ்சினில் தண்ணீர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் பாகத்தில் கூலன்ட் கசியுமாம், டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னார். வண்டியை ‘ஸ்டேஜ் ஒன்’ செய்து, அதாவது சாஃப்ட்வேரை மாற்றி எஞ்சின் சக்தியைக் கூட்டி, ஓட்டிவிட்டு, விற்கும்போது பழையபடி மாற்றி வைப்பார்களாம். விற்கிறவர் சொல்கிற ஒர்க்‌ஷாப்புக்குப் போகாமல், நீயாகத் தேடின இடத்தில் கம்ப்யூட்டர் ஸ்கேன் போடு. டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ல் 23-வது வாரம் செய்தது. ஓடாமல் நின்ற டயரும் கெட்டுப்போகும். மேனுவலையும் பார்க்கச் சொன்னார். அந்த வருடத்து வண்டிக்கு இப்போது பங்கில் வருகிற 20 சதவீத எத்தனால் பெட்ரோல் கணக்கில் கிடையாது.

நானும் ஒன்றைக் கண்டுபிடித்தேன், அப்பாவே மெச்சிக்கொண்டார். மீட்டரில் 58,000. அந்த டிஎஸ்ஜி என்கிற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு 60,000-ல் ஆயில் மாற்ற வேண்டும் என்று சர்வீஸ் அட்டவணையிலேயே போட்டிருக்கிறது. ஏன் 58-ல் விற்கிறார்? ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் கேள். கேட்டு, பதில் வரும்வரை பேசாமல் உட்கார். உனக்கு அது வராது. எதிராளி சும்மா இருந்தால் நீயே பதிலும் சொல்லிக் கொடுத்துவிடுவாய்.

உனக்கு விஷயம் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. 2005-ல் நரேன் கார்த்திகேயன் இந்தியானாபோலிஸில் நாலாவதாக வந்த ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? நம்ம ஊர்ப் பையன், ஃபார்முலா ஒன்னில் பாயிண்ட் எடுத்த முதல் இந்தியன். அப்பாவும் பெரியப்பாவும் தெருவையே எழுப்பிவிட்டார்கள். பெரியப்பா, ரேஸ்காரர் கரிவரதன் காலத்திலிருந்து ஆரம்பித்து, சோழவரம் ரேஸுக்குப் போய், திரும்ப வரவே இல்லை. நீ மட்டும் சோபாவில் உட்கார்ந்து, “ஆறு கார்தானே ஓடுச்சு, மத்த பதினாலும் டயர் சரியில்லைன்னு நின்னுக்கிச்சே” என்றாய். அப்பாவுக்கு முகம் சுண்டிப்போனது. எனக்கு உள்ளுக்குள் பெருமை. ஊரே கைதட்டும்போது சரியான எண்ணிக்கையைச் சொல்கிற பெண் என்று.

அந்தப் பெண் அனுப்பின ஷீட்டில் வரிசை நம்பர் நாலுக்கு அடுத்து ஆறு வருகிறது.

நாலாவது வரிசையில் உன் சம்பளம், 1,35,000. ஆறாவதில் வாடகை 38,000. நடுவில் ஐந்தாவதை மறைத்து வைத்திருக்கிறாய். அதைத் திறக்க எனக்குத் தெரியும். ஒரு ரைட் கிளிக். திறக்கவில்லை.

சரி, தெரிகிற வரிசைகளை மட்டும் வைத்துக் கூட்டுகிறேன். வாடகை 38,000. சரவணம்பட்டி சைட் லோன் 22,000. பள்ளி 15,000. இந்த வண்டி 27,300. மொத்தம் 1,02,300. மிச்சம் 32,700. அந்த வண்டி பெங்களூர் டிராஃபிக்கில் லிட்டருக்குப் பத்து கொடுத்தால் பெரிய விஷயம், மாதம் ஆயிரம் கிலோமீட்டர் என்றாலே பெட்ரோலுக்குப் பத்தாயிரத்துக்கு மேல். மீதியில் அரிசி, பருப்பு, கரண்ட், குட்டியின் நீச்சல், ஒரு காய்ச்சல், ஒரு கல்யாண மொய். பேங்க் இதைப் பாஸ் செய்யும். ரெண்டு தவணையும் சேர்ந்து சம்பளத்தில் 36 சதவீதம்தான், ஐம்பதுக்குள் இருக்கிறது. நானே கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் பேங்குக்குத் தெரிய வேண்டியது தவணை வருமா என்பது மட்டும்தான். மீதி இருபத்து சொச்சத்தில் நீ எப்படி மாதத்தை ஓட்டுவாய் என்பது அந்த ஃபார்மில் கிடையாது.

கோ-அப்ளிகன்ட், அதாவது கூடச் சேர்ந்து லோன் கேட்கிறவர், இடத்தையும் காலியாக விட்டிருக்கிறாய். சைட் லோனுக்கு ரெண்டு பேரும்தானே போட்டீர்கள்?

நான் ஒன்றும் கேட்கவில்லை. மாப்பிள்ளை நன்றாக இருக்கிறார்தானே? போன வாரம் நான் வீடியோ கால் போட்டபோது செவ்வாய்க்கிழமை மத்தியானம். அவர்தான் குட்டிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் ரெண்டு மூன்று நாள் தாடி. “லீவா மாப்பிள்ளை?” என்றதற்கு “வீட்டிலிருந்துதான் அத்தை” என்றார். இப்போது எல்லோரும் அப்படித்தான் வேலை பார்க்கிறார்கள், தெரியும். ஊட்டுகிற கையும் பக்குவமாக இருந்தது, அப்பாவிடம்கூட சொன்னேன். ஆனால் வைப்பர் பிளேடு வாங்குவதற்குக்கூட அப்பாவுக்கு போன் போட்டு அரைமணி நேரம் பேசுகிற மனுஷர், 17 லட்சத்துக்கு வண்டி பார்க்கிற நேரத்தில் ஒரு வார்த்தை பேசவில்லையே என்று அப்பா நினைக்கிறார். வாய் விட்டுச் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டுகிறார்.

‘அவருக்கு ரொம்ப நாள் ஆசை’ என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். இந்தக் கிறுக்கு உன்னுடையது. செட்டிபாளையத்தில் கோ-கார்ட் ஓட்டிவிட்டு முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்து, மறுவாரமும் போக வேண்டும் என்று அழுதது நீ. மாப்பிள்ளை தொப்பூர் கணவாயில் லாரிக்குப் பின்னாலேயே நாற்பதில் இறங்குகிறவர். ‘எனக்கு ஆசை’ என்று நீ எழுதியிருந்தால் நான் வட்டியைக் குறைக்க வழி பார்த்திருப்பேன். ஒருத்தரைத் தெம்பாக்க வேண்டும் என்று ஒரு பொருள் வாங்கினால் அதன் தவணையை அந்த ஒருத்தரும் பார்த்துக்கொண்டேதான் இருப்பார், மாதா மாதம், அஞ்சாம் தேதி, மெசேஜ் வரும்போதெல்லாம். அதிலும் உன் கணக்கிலிருந்து போகிறது என்றால். நான் ஊகமாகச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் நல்லது.

வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை, கவனி. உன் சம்பாத்தியம். உன் வயதில் எனக்கு ஒரு ஸ்கூட்டி வாங்க எத்தனை பேரிடம் சம்மதம் வாங்கினேன் என்று உனக்குத் தெரியும், அந்த மாதிரி உன்னை நிறுத்த மாட்டேன். ஆறு மாதம் தள்ளிப் போடலாமா என்றுதான் கேட்கிறேன். அபூர்வமான வண்டி, போனால் கிடைக்காது என்று விற்கிறவர் சொல்வார். கிடைக்கும். தவணை கட்ட முடியாதவர்களின் வண்டி வருடம் முழுவதும் சந்தைக்கு வரும், அதில் நல்லதும் இருக்கும். ஆறு மாதத்துக்குத் தவணைப் பணம் 27,304-ஐ ஆர்.டி.யில் போட்டுப் பார். போட முடிந்தால் வாங்கு, கையிலும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் சேர்ந்திருக்கும். முடியவில்லை என்றால் அதுவும் தெரிந்துவிடும், யாருக்கும் சொல்ல வேண்டியது இல்லை.

அந்த 5 லட்சம் எங்கிருந்து என்றும் எழுதவில்லை. நகையில் கை வைத்தால் மட்டும் எனக்குச் சொல். திட்ட மாட்டேன்.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. மாமரம் பூத்திருக்கிறது. பெரியம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் தேதி கொடுத்துவிட்டார்கள். மோட்டார் ரிவைண்டிங் பையன் வந்து போனான். வேறு என்ன, மறந்துபோனது.

அப்பா வெள்ளிக்கிழமை வந்தே பாரத்தில் வருகிறார். வண்டி பார்க்கத்தான். டார்ச், கையுறை எல்லாம் இப்போதே பையில் வைத்துவிட்டார். ரெண்டு மூன்று நாள் இருக்கட்டும், மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகட்டும், நீ ஆபீஸுக்கு லீவு போட வேண்டாம். ஆம்பளைகள் பானெட்டுக்குள் தலையை விட்டால்தான் வாயைத் திறப்பார்கள்.

அதுவரை டோக்கன் அட்வான்ஸ் என்று ஒரு ரூபாய்கூடக் கொடுத்துவிடாதே. அவசரப்படுத்தினால், ஊரிலிருந்து அப்பா வந்து பார்க்கணும் என்று சொல்லிவிடு. கிளையில் யாராவது நெருக்கினால் நானும் மேனேஜர் லீவு என்றுதான் சொல்வேன், மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே.

ஷீட்டை இன்னொரு தரம் அனுப்பு. எல்லா வரிசையோடும்.

அம்மா