எந்த வாசற்படி ஐயா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் பத்திரிகையின் நடுப்பக்கக் கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். எங்கள் பக்கத்துக்குப் பேப்பர் ஒரு நாள் பிந்தித்தான் வரும், ஆகவே கோபமும் ஒரு நாள் பிந்தி வந்தது. பொறுத்துக்கொள்ளவும். எழுதியவர் படித்தவர், நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால் ஒரு வரி மட்டும் மீன்முள் மாதிரித் தொண்டையில் நிற்கிறது: "மத நம்பிக்கை வீட்டு வாசற்படியோடு நின்றுவிட வேண்டிய தனிப்பட்ட விவகாரம்."

எந்த வாசற்படி ஐயா?

இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் 31 வருஷம் தபால்பை சுமந்தவன் நான். பிறந்து வளர்ந்ததெல்லாம் லயத்துக் காம்பராவில்தான், தொழிலாளருக்கென்று வரிசையாகக் கட்டிய அறைகளில் ஒன்று. பத்தடிக்குப் பன்னிரண்டடி, முன்னால் ஒரு இஸ்தோப்புத் திண்ணை. குறுக்குச் சுவர் கூரையைத் தொடாது. அடுத்த காம்பராக் கிழவர் இருமினால் எங்கள் வீட்டுக் கைப்பிள்ளை விழித்துக்கொள்ளும். அம்மா மாரியம்மன் படத்துக்கு விளக்கேற்றினால் அந்த வெளிச்சம் சுவருக்கு மேலால் ஏறி அடுத்த வீட்டுத் தகரத்தில் ஆடும். அந்த வீட்டு அம்மாவும் சில நாள் அதையே பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "எண்ணெய் மிச்சம்" என்று சிரிப்பார். எங்கள் சாமியை வீட்டோடு வைத்துக்கொள் என்று இப்போது புத்தி சொல்கிறீர்கள்.

சாமி இருக்கட்டும், கடிதமாவது தனிப்பட்டதாக இருந்ததா? லயத்துக் காம்பராவுக்கு முகவரி ஏது? தோட்டத்தின் பெயர், ஆளின் பெயர், அவ்வளவுதான். பை தோட்ட ஆபீசில் திறக்கப்படும். ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் எவன் கடிதமென்று பிரித்துப் பார்த்தே முடிவெடுப்பார்கள். நேர்முகத் தேர்வு முடிந்த மறுவாரம் அதற்கான அழைப்புக் கடிதத்தை ஒரு பையனின் கையில் கொடுத்தவன் நான். அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. இதைப் பற்றித் தங்களுக்கு நாலு தடவை எழுதினேன், ஒன்றையும் காணவில்லை. அதுவும் தனிப்பட்ட விவகாரம் என்று நினைத்தீர்களோ என்னவோ.

கோயிலுக்கு வருகிறேன். மாசியில் காமன் கூத்து ஆடுகிறோமே, ரதியையும் மன்மதனையும் எந்தக் காம்பராவுக்குள் ஆடவிடுவது? காமன் பொட்டலில் கம்பம் நட்டால் தோட்டமே விரதம். இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்று 1948இல் எங்களுடைய குடியுரிமையை எடுத்தார்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும், இலங்கை இந்தியப் பிரதமர்கள் இருவரும் உட்கார்ந்து எங்களைப் பங்கு பிரித்தார்கள். அந்தக் காலமெல்லாம் எங்கள் ஆட்கள் நாலு பேர் கூடி, இது எங்களுடையது என்று சொல்ல இருந்த ஒரே இடம் கோயில் முற்றம். அந்த நிலத்துக்கும் எங்களிடம் காணி உறுதி கிடையாது, தோட்டத்து நிலம். தேர் இழுக்க தோட்ட முகாமையாளரான துரையிடம் அனுமதி. தேர் பங்களா வாசலுக்குப் போக வேண்டும், பரிவட்டம் முதலில் துரைக்கு. வெள்ளைக்காரத் துரைக்கும் கட்டினோம், பின்னால் வந்த சிங்களத் துரைக்கும் கட்டினோம். அவர்களில் ஒருவராவது அது தனது தனிப்பட்ட நம்பிக்கைக்குச் சரிவராது என்று தலையை இழுத்துக்கொண்டதை நான் பார்க்கவில்லை.

இதைச் சொல்வதால் நான் கோயில்காரன் என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஆமாம், ஒன்பது வருஷம் கோயில் கமிட்டிக்குப் பொருளாளர். ஆனால் என் தம்பி ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவன். அவனும் மனைவியும் இன்னும் எட்டுப் பத்துப் பேரும் புதன்கிழமை இரவில் அவன் காம்பராவில் பாய் விரித்து உட்கார்ந்து பாடுவார்கள். கட்டுரையாளர் கேட்கிற மாதிரியே, வீட்டுக்குள். ஒரு புதன்கிழமை பொலிஸ் வந்தது. அனுமதிக் கடிதம் எங்கே, பதிவு எங்கே என்றார்கள். 2008இல் அமைச்சிலிருந்து வந்த சுற்றறிக்கை புதிதாக வணக்கஸ்தலம் கட்டுவதற்குத்தான் அனுமதி கேட்டது. தம்பி ஒரு கல்லும் வைக்கவில்லை ஐயா, பாய்தான் விரித்தான். வெளியே தேர் இழுக்க துரை விட வேண்டும், உள்ளே பாட பொலிஸ் விட வேண்டும் என்றால் அந்த வாசற்படி எங்கே இருக்கிறது என்று கட்டுரையாளர்தான் காட்டித்தர வேண்டும்.

இதில் எனக்கு வெட்கமான ஒன்றும் உண்டு. பொலிசுக்குப் போன மனுவைக் கமிட்டிதான் எழுதியது. அதில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது. சத்தம் தாங்க முடியவில்லை என்று எழுதியிருந்தோம். எங்கள் திருவிழாவுக்கு நாலு ஒலிபெருக்கி கட்டுவோம், விடிய நாலு மணிக்குப் பாட்டு. தம்பி எங்களுக்கு எதிராக ஒரு நாளும் மனு எழுதவில்லை. அம்மா இறந்தபோது வாசலில் தப்பு அடித்தார்கள், பின்னறையில் அவன் முழந்தாளிட்டு இருந்தான். தப்பு நின்ற பிறகு வெளியே வந்து பாடைக்குத் தோள் கொடுத்தான். அதற்குப் பிறகுதான் கமிட்டியை விட்டேன்.

நாட்டின் சட்டத்தையும் ஒரு தடவை புரட்டிப் பார்த்திருக்கலாம். தங்கள் காரியாலயத்தில் இல்லாத புத்தகமா? 1978 அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை, தனியாகவும் மற்றவரோடு சேர்ந்தும், பகிரங்கமாகவும் அந்தரங்கமாகவும் மதத்தைக் கைக்கொள்ளும் சுதந்திரம் உண்டு என்கிறது. அதே புத்தகத்தில் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. அரசாங்கத்துக்கு ஒரு மதம் விசேஷமாக இருக்கலாம், தோட்டத்தான் மட்டும் தன்னுடையதை மடித்துப் பெட்டியில் வைக்க வேண்டுமாக்கும். 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமையே வார விடுமுறையாக இருக்கவில்லை. சந்திரனைப் பார்த்து, பௌத்தர்களின் போயா நாட்களுக்குத்தான் பள்ளிக்கூடம் மூடினார்கள். எந்தக் கிழமை லீவு என்று தெரியாமல் புத்தகப்பையோடு போய்த் திரும்பிய பிள்ளைகளில் நானும் ஒருவன். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் சமயம் இன்றைக்கும் கட்டாயப் பாடம். எங்கள் பாடசாலையில் கிறிஸ்தவம் படிப்பிக்க ஆள் இல்லாததால் தம்பி மகள் சைவநெறி எழுதி ஏ எடுத்தாள். கோயில் பொருளாளரின் மகன் எடுத்தது எஸ், வெறும் சாதாரண சித்தி.

டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை எங்கள் ரோட்டால் நல்லதண்ணிக்குப் போகிற பஸ்களை எண்ணி முடியாது. அங்கிருந்துதான் சிவனொளிபாதமலைக்கு ஏறுவது. ஒரே மலை. ஒருவருக்குப் புத்தர் பாதம், எங்களுக்குச் சிவன் பாதம், இன்னொருவருக்கு ஆதம் பாதம். அதைத் தனிப்பட்ட விவகாரம் என்று தங்கள் கட்டுரையாளர் நல்லதண்ணிச் சந்தியில் நின்று சொல்லிப் பார்க்கட்டும். பழைய மஸ்கெலியாக் கோயிலையும் விகாரையையும் பள்ளிவாசலையும் மவுசாக்கலை நீர்த்தேக்கத் தண்ணீருக்குள்ளேயே வைத்துப் பார்த்தார்கள். வரட்சி வந்தால் அவையும் வெளியே வந்து நிற்கின்றன, பார்க்கப் போகிற சனத்தைப் படமெடுத்துப் போடுவதும் தாங்கள்தான்.

கட்டுரையாளர் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். தேர்தல் வந்தால் எங்கள் கோயிலில் தேங்காய் உடைக்க வருகிறவர்களைக் கண்டால் எனக்கும் எரிகிறது. சம்பளத்தில் தீபாவளி முற்பணத்தை மாதாமாதம் வெட்டுகிறார்கள். அதோடு கோயில் காசும் வெட்டினார்கள், தம்பியிடமிருந்தும்தான். அவன் கேட்டபோது, எல்லாருக்கும் பொது என்று பதில் சொன்னவனும் நானே. இதையெல்லாம் எழுதியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். அதை விட்டுவிட்டு வாசற்படி!

கடைசியாக ஒரு சின்ன விஷயம். நான் பொருளாளராக இருந்த கடைசி வருஷம் எங்கள் திருவிழா அறிவித்தலைத் தங்களுக்கு அனுப்பினேன். மூன்று வரி. செய்தியாகப் போட முடியாது, அது "தனிப்பட்ட அறிவித்தல்" என்று விளம்பரப் பகுதியில் காசு கேட்டார்கள், கட்டினேன். அது வந்த அதே பக்கத்தில் ஒரு பிரமுகர் வேறொரு கோயிலில் மாலையோடு நிற்கும் படம் அரைப்பக்கத்துக்கு இருந்தது. அதற்கும் காசு வாங்கினீர்களா என்று கேட்கப்போவதில்லை. எனக்குப் பற்றுச்சீட்டு இன்னும் வரவில்லை, அதுதான் விஷயம். புதுக் கமிட்டிக்காரர் அந்த ஒரு தொகைக்காகக் கணக்கை முடிக்காமல் வைத்திருக்கிறார்கள், கோயிலுக்குப் போகும்போதெல்லாம் கேட்கிறார்கள். தயவுசெய்து அதை அனுப்பிவைக்கவும். முகவரியில் லயத்து இலக்கத்தையும் காம்பரா இலக்கத்தையும் சேர்த்து எழுதுங்கள். தோட்டத்தில் இப்போது என் பெயரில் மூன்று பேர் இருக்கிறோம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தோட்டத் தபால்காரன்,
டிக்கோயா.