பழைய சேமக்காலையின் உட்பாதையைக் காலையில் நடப்பதற்கும் ஓடுவதற்கும் திறந்துவிடக் கோரல்

மாநகர ஆணையாளர் அவர்கள்,
மாநகர சபை,
மட்டக்களப்பு.

மதிப்புக்குரிய ஐயா,

வாவிப் பக்கமுள்ள பழைய கிறிஸ்தவ சேமக்காலைக்கு அயலில் குடியிருக்கும் நாங்கள், காலையில் நடப்பவர்களும் ஓடுபவர்களுமாகச் சேர்ந்து இந்த மனுவை எழுதுகிறோம். கேட்பது ஒன்றுதான். சேமக்காலையின் நடுவே போகும் கிறவல் பாதையையும் மதிலோரமாகச் சுற்றிவரும் ஒற்றையடிப் பாதையையும் தினமும் காலை 5.30 முதல் 7.00 வரை திறந்துவிட வேண்டும். இப்போது கேற் திறக்கப்படுவது அடக்கத்துக்கும், நவம்பர் 2ஆம் திகதி இறந்தோர் நினைவு நாளுக்கும், அதற்கு முன்னைய துப்புரவு வேலைக்கும்தான்.

"சேமக்காலைக்குள்ளே ஓட்டமா?" என்று நீங்கள் கேட்கலாம். எங்களில் பலருக்கு முதலில் வீட்டிலேயே அந்தக் கேள்வி விழுந்தது. செத்த வீட்டுக்குப் போய்வந்தால் தலை முழுகாமல் வாசற்படி ஏற விடாத அம்மாமார் உள்ள ஊர் இது. ஆகவே கேட்க வேண்டியவர்களைக் கேட்ட பிறகே எழுதுகிறோம். அங்கே உறவினரை அடக்கம் செய்த குடும்பங்கள் சில எங்களுடன் கையெழுத்திட்டிருக்கின்றன. மனமில்லை என்று சொன்னவர்களும் உண்டு, அவர்கள் சொன்ன காரணங்களைத் தனித்தாளில் இணைத்திருக்கிறோம்.

வீதியில் ஓடினால் என்ன என்பீர்கள். ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விடிவதற்குள் கொழும்பு பஸ்கள் வந்துசேரும், மீன் லொறிகள் புறப்படும். நடைபாதை உள்ள இடத்தில் கட்டாக்காலி மாடுகள் படுத்திருக்கும். நாய்கள் நடக்கிறவரை விட்டுவிடும், ஓடுகிறவரை மட்டும் கலைக்கும். பெண்கள் இருட்டோடு தனியே இறங்கத் தயங்குகிறார்கள். பழைய கல்லடிப் பாலம் நல்ல இடம்தான், 1924இல் லேடி மானிங்கின் பெயரில் கட்டியதிலிருந்து ஊரே காற்று வாங்கிய இடம். ஆனால் வெயில் ஏறிவிட்டால் அங்கே ஒதுங்க ஒரு மரமில்லை. சீனி வருத்தத்துக்கு டொக்டர் நடக்கச் சொல்கிறார், எங்கே நடப்பது என்று அவர் சொல்வதில்லை.

சேமக்காலைக்குள் புளியும் வேம்பும் பாதைக்குக் குடை பிடித்து நிற்கின்றன. மண்ணும் கிறவலும் தார் வீதியைப் போல முழங்காலைப் பதம் பார்ப்பதில்லை. கிழக்கு மூலையில் ஒரு வேம்பின் வேர் கல்லறைப் பலகையொன்றை ஒரு பக்கமாக நெம்பித் தூக்கியிருக்கிறது. அதன் எழுத்தில் பாதியைப் பாசி மூடிவிட்டது, ஒரு குழந்தையின் வயது மட்டும் தெரிகிறது. அருகே கிடக்கும் சிலுவை 1978 நவம்பர் சூறாவளியில் சாய்ந்தது என்கிறார்கள் பெரியவர்கள். இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. பின்மதிலுக்கு மேலால் இரவில் பம்பஸ் பைகளும் கோழிக் கழிவும் வந்து விழுகின்றன. யார் எறிகிறார்கள் என்று பார்க்க அங்கே ஆளில்லை. எங்கள் வாதமே இதுதான்: ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் குப்பை கொட்டக் கை கூசும், கல்லைப் பெயர்க்கவும் யாரும் துணியமாட்டார்கள்.

சட்டமும் இந்தக் கற்களுக்குத் தானாகக் காவல் நிற்பதில்லை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 என்று ஒரு கோடு கிழித்திருக்கிறது. அதற்குப் பிந்திய கட்டுமானம் என்றால் தனியே வர்த்தமானியில் அறிவித்தால்தான் பாதுகாப்பு. 1814இல் இங்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கிய வில்லியம் ஓல்ட் போதகர் ஒரு வருடம்கூட முடியாமல் 1815 ஏப்ரல் 1இல் இறந்தார். அந்த எல்லைத் திகதியை அவரே ஒரு மாதத்தால் தவறவிட்டவர் என்றால், அவருக்குப் பின்னால் வந்தவர்களின் கல்லறைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கண்டியில் தலதா மாளிகைக்குப் பின்னாலுள்ள பிரித்தானியர் மயானம் 1998இல் திருத்தப்பட்ட பிறகு பார்வையாளர் வந்துபோகும் இடமாகிவிட்டது. எங்கள் சேமக்காலைக்கும் அப்படி ஒரு வழி பிறக்கட்டும்.

வெளிநாட்டு வழக்கம் இரண்டு விதமாகவும் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்கிறோம். அமெரிக்காவில் 1831இல் தொடங்கிய மவுண்ட் ஓபர்ன் மயானத்தில் நடக்கலாம், ஓடக்கூடாது. வாஷிங்டனிலுள்ள 1807ஆம் ஆண்டின் கொங்கிரஷனல் மயானத்திலோ ஐந்து கிலோமீற்றர் ஓட்டப் போட்டியே நடத்தி, அந்தப் பணத்தைப் பராமரிப்புக்குச் செலவிடுகிறார்கள். போட்டி எங்களுக்கு வேண்டாம். நம்மூருக்கு அது ஒத்துவராது, எங்களுக்கும் விருப்பமில்லை.

நாங்களே கட்டுப்பாடும் சொல்லிவிடுகிறோம். பாதையை விட்டு இறங்கமாட்டோம், கல்லறைகளில் கால் வைப்பதோ சாய்ந்து தசை நீட்டுவதோ இல்லை. பாட்டுப்பெட்டி கிடையாது. கூட்டமாகக் கத்திக்கொண்டு ஓடவும் மாட்டோம். அடக்கம் உள்ள நாளிலும், குழி வெட்டும் நாளிலும், நவம்பர் முதல் வாரத்திலும் வரமாட்டோம். யாராவது பூ வைத்துக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் ஓட்டத்தை நிறுத்தி நடந்து கடப்போம். மாதக் கடைசி ஞாயிறு பின்னேரம் சிரமதானம் எங்கள் பொறுப்பு. ஆனால் பழைய கற்களை வயர் பிரஷ்ஷாலும் அசிட்டாலும் தேய்க்க விடமாட்டோம், பாசியோடு எழுத்தும் போய்விடும். சபைக்குச் செலவில்லை. காவலாளியிடமுள்ள திறப்பைக் காலையில் வாங்கித் திரும்பக் கொடுக்க எங்களில் இருவரைப் பெயர் குறித்துத் தருகிறோம்.

முதலில் மூன்று மாதம் பரீட்சார்த்தமாகத் தாருங்கள். முறைப்பாடு வந்தால் மறுநாளே பூட்டிவிடலாம், நாங்கள் வாதாட வரமாட்டோம். முடிவெடுக்கும் முன் ஒரு காலை ஆறு மணிக்குத் தாங்களோ தங்கள் உத்தியோகத்தரோ இடத்துக்கு வந்து பார்த்தால் நல்லது. ஐப்பசி மழை தொடங்கினால் கேற்றடி சேறாகிவிடும், அதற்கு முன்னர் ஒரு நாளைக் குறித்துத் தருமாறு தயவாய்க் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கீழே கையொப்பமிட்டுள்ள அயலவர்கள்

இணைப்பு: கையொப்பத் தாள்கள், எதிர்ப்புக் கருத்துகள், பாதையின் வரைபடம்
பிரதி: பங்குத்தந்தை அவர்கள், மெதடிஸ்த முகாமைக் குரு அவர்கள், கிராம உத்தியோகத்தர்